சீனாக்காரர் ஓட்டலில் ஆறாவது தட்டு

"எடுத்துட்டுப் போ! என் புள்ளையப் பட்டினியா அனுப்பின கையால எனக்குக் காப்பி வேண்டாம்!"

மாமியார் அக்னஸம்மாள் தள்ளிய வேகத்தில் டம்ளர் உருண்டது. காப்பி அடுக்களை வாசல்வரை ஓடியது. ரோசரி துணியை எடுத்துக் குனிந்து துடைத்தாள். துடைத்துக்கொண்டே வந்தவளின் கை, நிலைப்படி அருகே நின்றுபோயிற்று.

அங்கே வேறொரு ஈரம் இருந்தது. ராத்திரி மழை இல்லை. ஓடு ஒழுகவில்லை. பக்கத்தில் குடமும் இல்லை. துணியை மூக்கருகே கொண்டுபோனாள். புதுவெள்ளத்தின் வாடை... ஆடி மாதத்துக் காவேரியின் செம்மண் வாடை! ஐப்பசிக் காலையில், மேலப்புதூர் வீட்டு அடுக்களையில்!

"என்ன பாக்குற? என் புள்ள நின்னுட்டுப் போன இடம் அது" என்றாள் அக்னஸம்மாள். அவள் குரலில் இப்போது கோபம் இல்லை. அதுதான் ரோசரியை இன்னும் பயமுறுத்தியது.

ஐம்பத்தெட்டாம் வருஷத்து ஆடியில் காவேரியில் குளிக்கப்போன பிலோமின்ராஜை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. கல்யாணமாகாத பிள்ளை, பொன்மலை ஒர்க் ஷாப்பில் வேலை. அவன் கால்சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போன நாளில் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவள் ரோசரி. அவனுக்குத் தலைவாரிவிட்டவள், காய்ச்சலில் கஞ்சி ஊட்டியவள். ஆனால் அவன் செத்த அன்றைக்கு மத்தியானம், "உனக்கு இந்த வீட்டுல சோறு கிடையாது, போ!" என்று அவள் அடுக்களையிலிருந்து கத்தியதை நாத்தனார் பிரகாசி கொல்லையில் துணி துவைத்துக்கொண்டே கேட்டிருந்தாள். சவம் எடுத்த வீட்டில், எல்லார் முன்னாலும் அதைச் சொல்லியும்விட்டாள்.

"அப்படிச் சொன்னியாடி?" என்று அக்னஸம்மாள் கேட்டாள்.

"சொன்னேன் அத்தை" என்றாள் ரோசரி. அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. புருஷன் அற்புதசாமி எவ்வளவோ கேட்டுப் பார்த்தான். அவனிடமும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து மாமியார் மருமகள் கையால் ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கவில்லை. தனியாக அடுப்பு மூட்டித் தானே பொங்கிக்கொள்வாள். சாப்பிட உட்கார்ந்தால், "பசியோட போயிட்டானே..." என்று பாதிச் சோற்றில் எழுந்துவிடுவாள்.

இன்று ஆத்துமாக்கள் திருநாள்; செத்தவர்களுக்காகக் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றும் நாள். அக்னஸம்மாள் மகனையும் மகளையும் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்தாள்.

"கனவு இல்லடா அற்புதம். பூசை மணிக்கு முந்தியே முழிச்சுட்டேன். அந்த நிலையில சாஞ்சு நின்னான். தலையிலருந்து தண்ணி சொட்டுது. 'அம்மா, எல்லாரும் ஜங்ஷன் பக்கம் இருக்கற சீனாக்காரர் ஓட்டலுக்கு வாங்க. சேர்ந்து சாப்பிடலாம்'னான். சீனாக்காரர் ஓட்டல்னு ஒண்ணு இருக்குறதே எனக்குத் தெரியாதுடா!"

ரோசரியின் கையிலிருந்த துணி கீழே விழுந்தது.

அந்த ஓட்டலைப் பற்றி இந்த வீட்டில் அவள் ஒருத்தியிடம்தான் பிலோமின் சொல்லியிருந்தான். சொன்னதும் அந்தக் கடைசி மத்தியானம்தான்! அடுக்களைக்குள் எட்டிப் பார்த்து, "அண்ணி, எனக்குச் சேர்த்து உலை வைக்காதீங்க. சீனாக்காரர் ஓட்டல்ல பன்றிக்கறி போட்டு நூடுல்ஸ் கிடைக்குதாம்!" என்று குசுகுசுத்தான். "இன்னிக்கு வெள்ளிக்கிழமைடா, சுத்தபோசனம், கறி ஆகாது... அத்தை காதுல விழப்போகுது" என்று அவளும் குசுகுசுத்தாள். "கறியத் தின்னுட்டு வந்தியோ..." என்றதும் அவன் சிரித்துக்கொண்டே ஓடினான். ஓடியவன் முதுகைப் பார்த்துத்தான் மிச்சத்தைக் கத்தினாள். பிரகாசி கேட்டது அந்த மிச்சத்தை மட்டும்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் என்ன ஆகும்? வெள்ளிக்கிழமை கறி தின்பது சாவான பாவம். அந்தப் பாவத்தோடு, சாமியாரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யாமல், அன்று சாயங்காலமே செத்த ஆத்துமா எங்கே போகும்? தினமும் செபமாலை உருட்டுகிற அந்தத் தாய்க்கு அது தெரியாதா? 'என் மகன் பசியோடு போனான்' என்று அழுகிறவள், 'என் மகன் நரகத்துக்குப் போனான்' என்று அழவேண்டியிருக்குமே! பசியோடு போனவனுக்கு மோட்சம் உண்டு. பழி நம்மோடு போகட்டும் என்று ரோசரி வாயைக் கட்டிக்கொண்டாள்.

இப்போது அந்த ஓட்டலுக்கே போனால்? அங்கே யாராவது அவன் தின்றதைச் சொல்லிவிட்டால்?

"வேண்டாம் அத்தை!" அவள் குறுக்கே வந்து நின்றாள். "கல்லறைக்குப் போயிட்டு வந்து வீட்டுலயே சமைக்கலாம். அந்த ஓட்டல் வேண்டாம் அத்தை, உங்க கால்ல விழறேன்..."

"பாத்தியாண்ணே!" பிரகாசி சீறினாள். "உசுரோட இருந்தப்ப சோறு போடல. செத்தவன் கேக்குற சோத்தையும் மறிக்கிறாங்க!"

"ரோசரி, நீ பேசாம இரு" என்றான் அற்புதசாமி. அவன் அப்படி அதட்டியது அதுவே முதல் தடவை. அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டு அழுதாள்.

சாயங்காலம் கல்லறைத் தோட்டம் முழுக்க மெழுகுவர்த்திகள் நின்று எரிந்தன. பிலோமினின் கல்லறையில் மட்டும் திரி சடசடவென்று பொரிந்து, பொரிந்து, அணைந்தது. மூன்று பெண்களும் மாற்றி மாற்றி ஏற்றிப் பார்த்தார்கள். நனைந்த விறகுபோல ஏறவே இல்லை. வெள்ளத்தில் நண்பனைப் பிடிக்க நீந்தித் தோற்ற குத்புதீன், தலையில் கைக்குட்டை கட்டிக்கொண்டு ஓரமாய் நின்றான். அன்று சாயங்காலம் படித்துறையில்தான் இருவரும் சந்தித்திருந்தார்கள். அதற்கு முந்தி பிலோமின் எங்கே இருந்தான் என்பது அவனுக்குத் தெரியாது. அதன்பின் இந்தத் தாயின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் இருந்தவன், இன்றுதான் வந்திருந்தான்.

"நீயும் வாப்பா" என்றாள் அக்னஸம்மாள். "என் புள்ளையோட சிநேகிதன் இல்லாம எப்படி?"

குத்புதீன் சைக்கிளில் முன்னே போனான். மற்ற நால்வரும் ஜட்காவில் ஏறினார்கள். குதிரை இரண்டு அடி வைத்துவிட்டு மூச்சு வாங்கியது. வண்டிக்காரன் திரும்பிப் பாராமலே சொன்னான்.

"ஐயா, பின்னாடி தொத்திக்கிட்டு வர்ற தம்பிய இறங்கி நடக்கச் சொல்லுங்க. பாரம் இழுக்குது."

அற்புதசாமி எட்டிப் பார்த்தான். பின்னால் யாரும் இல்லை. தெருப் புழுதியில் சக்கரத் தடத்துக்கு நடுவே, ஈரமான காலடிகள் மட்டும் தொடர்ந்து வந்துகொண்டிருந்தன. அவன் யாரிடமும் சொல்லவில்லை. ஓட்டல் போய்ச் சேரும்வரை மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

ஓட்டல் சின்னதுதான். வாசலில் சிவப்புக் காகித விளக்கு, உள்ளே வட்ட மேஜைகள், இஞ்சியும் வெங்காயத்தாளும் வதங்குகிற மணம். பினாங்கில் தமிழர்களோடு வேலை பார்த்துத் தமிழ் படித்துக்கொண்ட லியாங் என்ற பெரியவர்தான் முதலாளி. கும்பிட்டு வரவேற்று, தட்டுகளை வரிசையாக வைத்தார்.

குத்புதீன் எண்ணிப் பார்த்தான். "முதலாளி, ஒரு தட்டு கூட இருக்கு. நாங்க அஞ்சு பேர்தான்."

லியாங் அக்னஸம்மாளின் பக்கத்திலிருந்த காலி நாற்காலியைப் பார்த்தார். தட்டை எடுக்கவில்லை.

பிரகாசி முதலில் தவளையா, பாம்பா என்று ஒவ்வொன்றையும் கிளறிப் பார்த்தாள். குத்புதீன் தனக்குக் காய்கறி போதும் என்றான். ஆவி பறக்கும் சூப் வந்தது. இலேசான புளிப்பும் மிளகுக் காரமுமாய்த் தொண்டையில் இறங்கியதும் அற்புதசாமிக்குக் கண் கலங்கியது. நூடுல்ஸைக் குச்சியால் எடுக்கத் தெரியாமல் பிரகாசி மடியில் போட்டுக்கொண்டாள். குத்புதீன் சொல்லிக்கொடுக்கப் போய்த் தானும் சிந்தினான். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் ஒரு சிரிப்புச் சத்தம்! சிரித்தவர்களே திடுக்கிட்டு நிறுத்திக்கொண்டார்கள்.

அக்னஸம்மாள் மட்டும் சாப்பிடவில்லை. காலித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரோசரி, லியாங் மேஜைப் பக்கம் வரும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு, 'மாதாவே, இவர் வாயத் திறக்கக் கூடாது' என்று வேண்டிக்கொண்டாள்.

லியாங் ஒரு நீளத் தட்டில் முழு மீனைக் கொண்டுவந்து, காலி நாற்காலிக்கு முன்னால் வைத்தார்.

"இது நாங்க கேக்கலையே?" என்றான் அற்புதசாமி.

"தம்பி கேட்டார்."

"எந்தத் தம்பி?"

"உங்க பின்னாலேயே வந்தாரே, அவர்தான். சட்டையெல்லாம் நனைஞ்சிருந்தது. மழையான்னு கேட்டேன், சிரிச்சார்." லியாங் சுற்றும் முற்றும் தேடினார். "கை கழுவப் போனாரா?"

நாற்காலியின் விளிம்பிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் தரையில் விழுந்தது. பிறகு இன்னொரு சொட்டு.

அக்னஸம்மாள் மட்டும் பயப்படவில்லை. "என் புள்ளைய உங்களுக்குத் தெரியுமாய்யா? முந்தி இங்க வந்திருக்கானா?"

"வேண்டாம்!" ரோசரி எழுந்தே விட்டாள். "அத்தை, கேக்காதீங்க... ஐயா, சொல்லாதீங்க!"

"உக்காருடி!" என்றாள் அக்னஸம்மாள்.

லியாங் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னார். "வந்தார் அம்மா. போன வருஷம், ஆத்துல வெள்ளம் வந்தப்ப. மத்தியான நேரம். பன்றிக்கறி நூடுல்ஸ் கேட்டார். என் வீட்டுக்காரி கொண்டுவந்து வச்சா. ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கிட்டு இருந்தார். அப்புறம் தட்டைத் தள்ளிவச்சுட்டார். 'எடுத்துக்குங்க. இன்னிக்கு வெள்ளிக்கிழமை. கறி தின்னுட்டுப் போனா எங்க அண்ணி சோறு போட மாட்டாங்க. எங்க அண்ணி சொன்னா சொன்னதுதான்'னு சிரிச்சார்."

பிரகாசியின் கையிலிருந்த கரண்டி தட்டில் விழுந்தது.

"வேற கறியில்லாத சமையல் அன்னிக்கு ஆகலை. நாங்க வீட்டுக்கு வேகவச்ச மீன் இருந்தது. வெள்ளிக்கிழமை மீன் தின்னலாம்னார். உள்ளே கூப்பிட்டு எங்க கூடவே உக்காரவச்சோம். இதே மீன்தான். நல்லாச் சாப்பிட்டார் அம்மா! என் வீட்டுக்காரி போட்டுக்கிட்டே இருந்தா. 'போதும், வயித்துல இடமில்லை'ன்னார். ஒரு நாள் அம்மாவையும் அண்ணியையும் கூட்டிக்கிட்டு வரேன்னு சொல்லிட்டுப் போனார்."

"சாப்பிட்டானா..." அக்னஸம்மாளின் உதடுகள் துடித்தன. "என் புள்ள வயிறாரச் சாப்பிட்டானா! பசியோட போகலியா!" மார்பில் அடித்துக்கொண்டு அழுதவள், சட்டென்று திரும்பினாள். "அப்ப நீ ஏன்டி சொல்லல? கறி தின்னாதேன்னுதானே கத்தினே? இத்தனை நாளும் நாய விரட்டுற மாதிரி விரட்டினேனே, வாயில என்னடி வச்சிருந்தே?"

ரோசரி நாற்காலியிலிருந்து சரிந்து மாமியாரின் முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

"கறிதான் சாப்பிட்டிருப்பான்னு நெனச்சேன் அத்தை... சாவான பாவத்தோட போயிட்டான்னு நெனச்சேன்! அது உங்களுக்குத் தெரிஞ்சா எந்தச் செபத்தச் சொல்லி மனசத் தேத்துவீங்க? என்னைத் திட்டிக்கிட்டாவது, அவன் மோட்சத்துல இருக்கான்னு நம்பிக்கிட்டு இருங்கன்னு... ஆனா அவன் கேட்டிருக்கான் அத்தை! நான் சொன்னதக் கேட்டிருக்கான்! அது தெரியாம நானே அவனை நரகத்துல வச்சு அழுதுக்கிட்டிருந்தேனே..."

"சேசுவே!" அக்னஸம்மாள் அவளை வாரி எடுத்தாள். "பெத்தவ நான் அவன் வயித்த நெனச்சு அழுதேன். நீ அவன் ஆத்துமாவ நெனச்சு அழுதிருக்கியே! என்னை மன்னிச்சுடும்மா... மன்னிச்சுடு..."

பிரகாசி அண்ணியின் காலைத் தேடிக் குனிந்தாள். அற்புதசாமி முகத்தை மூடிக்கொண்டான். குத்புதீன் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தான்.

அக்னஸம்மாள் அந்த மீனிலிருந்து ஒரு துண்டு பிய்த்து, முள் பார்த்து எடுத்து, ரோசரியின் வாயருகே கொண்டுபோனாள். "தின்னு. உன் கொழுந்தன் வாங்கிக் கொடுத்தது." ரோசரி அழுகையோடு விழுங்கினாள். பிறகு அவள் எடுத்துக் கொடுத்ததை மாமியார் வாங்கிச் சாப்பிட்டாள். ஒருவர் கையிலிருந்து ஒருவராக அந்த மேஜையில் எல்லாரும் அந்த மீனைத் தின்று முடித்தார்கள்.

திரும்பும்போது வண்டி வேண்டாம் என்றாள் அக்னஸம்மாள். மருமகளின் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்தாள். மற்றவர்கள் சற்றுப் பின்தங்கி வந்தார்கள். மாதா கோயில் திருப்பத்தில் ரோசரியின் வலக்கைக்குள் ஏதோ குளிர்ந்தது. நனைந்த, பழக்கப்பட்ட விரல்கள்! சின்ன வயதில் தெருவைக் கடக்கும்போது பிடித்துக்கொள்வானே, அதே பிடி. அவள் கையை உதறவில்லை.

காதோரம் குரல் கேட்டது. "போறேன் அண்ணி. போறேம்மா."

எந்தப் பிள்ளையும் வீட்டை விட்டுப் புறப்படும்போது சொல்லாத சொல். போயிட்டு வரேன் என்று அவன் சொல்லவில்லை.

ரோசரி மாமியாரைப் பார்த்தாள். அக்னஸம்மாளும் நின்றுவிட்டிருந்தாள். "போயிட்டு..." என்று பழக்கதோஷத்தில் ஆரம்பித்தவள், மிச்சத்தை விழுங்கினாள். மருமகளின் தோளை இறுகப் பிடித்துக்கொண்டு, இருட்டைப் பார்த்துச் சொன்னாள்.

"போடா கண்ணு... நாங்க ரெண்டு பேரும் இருந்துக்கிறோம்."