ஒரு ஜெர்சி... ஒரு மடக்கு!

"கண்ணூ...!"

கேலரியில் இருந்து கிளம்பிய அந்த அலறலில் மைதானம் மொத்தமும் உறைந்தது.

அலறியவள் பாப்பாயி. மகன் பாஸ்கெட்பால் ஆடுவதை முதல்முறையாகப் பார்க்க, உடுமலைப்பேட்டையில் இருந்து பஸ் ஏறி வந்தவள்.

மகன் செங்கோடன் கூடைக்குக் கீழே கிடந்தான்.

ஆறரை அடி உயரம். பதினொன்றாம் நம்பர் பனியன். வாயோரம் நுரை!

பந்து மட்டும் இன்னும் துள்ளிக்கொண்டிருந்தது...

கோயமுத்தூர், 1995. கல்லூரிகளுக்கு இடையிலான இறுதிப் போட்டி அது. முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த சுந்தரராஜுலு, பதறி எழுந்தார். மில் டீம் ஒன்றின் மானேஜர் அவர். வருஷம் முழுக்க ஊர் ஊராகப் போய் ஆடுகிற டீம். ஆடுவதற்கே சம்பளம்! காலேஜில் பந்து பிடிக்கிற ஒவ்வொருத்தனும் கனவு காண்கிற இடம்.

இந்த வருஷம் அங்கே காலி, ஒரே ஓர் இடம்.

அதற்குத் தகுதியானவர்கள் இரண்டு பேர். செங்கோடன், அப்புறம் ஏழாம் நம்பர் ஸ்ரீனிவாஸ்.

மூன்று வருஷமாக ஒரே ஹாஸ்டல் அறை. ஒருத்தன் திரும்பிப் பார்க்காமல் பந்தை எறிந்தால், மற்றவன் கை அங்கே இருக்கும். அப்படி ஒரு ஜோடி!

ஆஸ்பத்திரியில் செங்கோடனின் முகம்வரை வெள்ளைத் துணி ஏறியது. வெளியே, பாப்பாயி ஸ்ரீனிவாஸின் கைகளைப் பற்றிக்கொண்டாள்.

"அவன் ஆடோணும்னு ஆசப்பட்ட எடத்துல நீ ஆடு கண்ணு... எம்பையன் மனசு குளுந்துபோகும்..."

"ஆடறனுங்கம்மா..." என்று விம்மினான் ஸ்ரீனிவாஸ்.

நன்றாகவே விம்மினான்!

அடுத்த வாரம். மில் டீமின் மைதானம். காலை வெயில்.

புத்தம்புது மில் ஜெர்சியில் ஸ்ரீனிவாஸ் கூடைக்குள் பந்தைப் போட்டுக்கொண்டிருந்தான். சுந்தரராஜுலு ஓரமாய் நின்று ரசித்தார்.

ஜீப் வந்து நின்றது.

இன்ஸ்பெக்டர் நஞ்சுண்டன் இறங்கினார். குற்றவாளியைக்கூட மரியாதை குறையாமல் கூப்பிடுகிறவர். அதுதான் பயமே!

"ஏனுங்க தம்பி... ஸ்ரீனிவாஸ்ங்கறது நீங்கதானுங்களா?"

"ஆமாங்க சார்..."

"உங்க சிநேகிதன் ஹார்ட் நின்னு சாகலீங்க. விஷம். தென்னைக்கு வெக்கற மருந்து."

"அய்யோ!"

"மருந்து டப்பா செங்கோடனோட டிரங்குப் பெட்டியிலயே இருந்துச்சுங்க."

"அப்ப... தற்கொலைங்களா சார்?"

"அப்படித்தான் கேஸை மூட இருந்தேன். இதைப் பாக்கற வரைக்கும்."

சட்டைப் பையில் இருந்து ஒரு போட்டோவை உருவினார் நஞ்சுண்டன்.

"பேப்பர்காரர் ஒருத்தர் எடுத்ததுங்க. செங்கோடன் உழுந்த நிமிசம். பாருங்க... ரெஃப்ரி அவனைப் பாத்து ஓடறாரு. எதிர் டீம் பசங்களும் ஓடறாங்க. நீங்க மட்டும் மூலையில, குழாயடியில நிக்கறீங்க. கையில பாட்டில்!"



"த... தண்ணி புடிக்கப் போனனுங்க. அவன் மூஞ்சியில தெளிக்க..."

"தண்ணி புடிக்கறவன் பாட்டிலை நிமித்திப் புடிப்பானுங்க. நீங்க கவுத்துப் புடிச்சிருக்கறீங்களே!"

பந்து ஸ்ரீனிவாஸின் கையில் இருந்து நழுவியது.

"யாரோட பாட்டிலுங்க தம்பி அது? எதுக்கு அவ்வளவு அவசரமா கழுவுனீங்க?"



ஸ்ரீனிவாஸ் வெடித்தான்.

"விஷம் வெச்சது நான் இல்லீங்க சார்! அவன்தான் எனக்கு வெச்சான்!"

சுந்தரராஜுலு அதிர்ந்தார். நஞ்சுண்டன் அசையவில்லை.

"சொல்லுங்க."

"மேட்சுக்கு முன்னாடி முட்டிக்கு மாட்டற நீ-கேப் எடுக்க ரூமுக்குப் போனேன். ஜன்னல் வழியா பாத்தேன்... என்ர குளுக்கோஸ் பாட்டில்ல அந்த டப்பாவைக் கவுத்துட்டிருந்தான். மூணு வருசம் ஒரே தட்டுல சோறு தின்னவன் சார்!"

"அப்பறம்?"

"எல்லாப் பாட்டிலும் ஒரே மாதிரிங்க. மூடியில மட்டும்தான் நம்பர் எழுதியிருக்கும். அவன் வெளிய போனதும்..." குரல் தணிந்தது. "மூடியை மாத்திப்போட்டேன்."

"அவன் குடிக்கறப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"பக்கத்துலதானுங்க. இடைவேளையில ஒரே மடக்கு... பாதி போயிருச்சு. கசந்திருக்கும் போல. மொகம் சுருங்குச்சு. திரும்பி என்னையப் பாத்தான். நான் என்ர பாட்டில்ல குடிச்சுட்டிருந்தேன்... சிரிச்சேன்."

"புரிஞ்சுபோச்சா அவனுக்கு?"

"புரிஞ்சுபோச்சுங்க."

"வாயத் தொறக்கலியா?"

"என்னன்னு சொல்லுவானுங்க? மேல அவங்கம்மா உக்காந்திருக்கறாங்க. மானேஜர் சார் உக்காந்திருக்கறாரு. நான் வெச்ச விஷத்தை நானே குடிச்சுட்டேன்னு எப்படிச் சொல்லுவான்? விசில் அடிச்சாங்க. ஆடப் போயிட்டான்..."

போய், அரை மணி நேரம் ஆடினான் செங்கோடன். ஒரு பந்தைக்கூட ஸ்ரீனிவாஸுக்குத் தரவில்லை. கண் இருட்டிய கடைசி நொடியிலும் கூடையைப் பார்த்துத்தான் எம்பினான்.

"நான் என்ன சார் தப்புப் பண்ணுனேன்? அவன் குடுத்ததை அவனுக்கே திருப்பிக் குடுத்தேன்! எப்படியும் மில் டீமுக்கு அவனைத்தான் எடுத்திருப்பாங்க. என்னைய விட ஒசரம்... என்னைய விட வேகம்..."

"எவன்டா சொன்னது?"

கேட்டது சுந்தரராஜுலு. அவர் முகம் வெளுத்திருந்தது.

"சார்...?"

"மேட்சுக்கு முந்தின நாள் சாயங்காலமே முடிவு பண்ணியாச்சு. உன்னைத்தான் எடுக்கறோம்னு. செங்கோடனைக் கூப்பிட்டு நானே சொன்னேன். 'இந்த வருசம் ஸ்ரீனிவாஸ்தான், நீ அடுத்த வருசம் பாருப்பா'ன்னு. உன்கிட்ட மேட்ச் முடிஞ்சு சொல்லலாம்னு இருந்தேன்..."

ஸ்ரீனிவாஸ் குனிந்து தன் ஜெர்சியைப் பார்த்தான்.

"அந்த ஆத்தரத்துலதானுங்க அவன் விஷம் வெச்சிருக்கறான்," என்றார் நஞ்சுண்டன். "அந்தப் பாட்டிலை நீங்க எங்ககிட்டக் கொண்டுவந்திருந்தாப் போதும் தம்பி. வேலையும் உங்களுக்கு. அவன் ஜெயில்ல."

ஸ்ரீனிவாஸ் ஜெர்சியின் நெஞ்சை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். பாஸ்கெட்பால் கோர்ட்டின் நடுவில் அப்படியே சரிந்து உட்கார்ந்தான்.

நஞ்சுண்டன் குனிந்து, மெதுவாய் விலங்கை மாட்டினார். தோளைத் தட்டினார்.

"எந்திரிங்க தம்பி, போலாம். இனிமேல் வேற கோர்ட்டுங்க... அங்க பந்து நீங்கதான்!"