இரண்டு கட்டைகளுக்கு நடுவே ஒரு ரீங்காரம்

டிசம்பர் 23. காலை 10:40.

கண்ணாடிப் பெட்டி பூட்டியபடியே இருந்தது. உள்ளே இருந்த ஒலிநாடாச் சுருளைத்தான் காணோம்.

யோகோஹாமா துறைமுகத்தை ஒட்டிய அந்தச் சின்ன அரங்கத்தின் மேலாளர் தொகாஷி, பெட்டியை மூன்று முறை சுற்றி வந்தார். மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் போட்ட சத்தத்தில் முதலில் ஓடி வந்தவள் சாயோ. வயது முப்பத்து நாலு. பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவள். காலை ஒன்பது மணியிலிருந்து மேடைப் பியானோவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"சாவி எங்க இருந்தது, தொகாஷிசான்?"

"ஆபீஸ் சுவத்துல, ஆணியில. இப்பவும் அங்கதான் தொங்குது."

"அப்போ யார் வேணும்னாலும் எடுத்திருக்கலாம்."

"ஆறுதல் சொல்றதுன்னா இப்படித்தான் சொல்லணும்" என்றார் தொகாஷி, தரையிலிருந்தே.

காணாமல் போனது 'நான்காம் நடைமேடையில் பனி' பாட்டின் முதல் பதிவு. டிசம்பர் பிறந்தால் வறுத்த கோழிக் கடை வரிசையிலும், ரயில் நிலையத்திலும், பல் மருத்துவரின் காத்திருப்பு அறையிலும் ஒலிக்கிற அதே பாட்டு. 1984இல் இசைத்தட்டாக வந்தது. அதன்பின் பதினொரு பேர் அதை மறுபடி பாடிவிட்டார்கள். 1991இல் ஐந்து பையன்கள் ஆடிக்கொண்டே பாடினார்கள். 2002இல் ஒருவர் செல்லோவை மட்டும் வைத்து இழைத்தார். 2011இல், பெரும் சுனாமி வந்த அந்த வருடம், பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் அறுபது குழந்தைகள் பாட, நாடே கண்ணைத் துடைத்துக்கொண்டது. 2018இல் கணினிக் குரல் ஒன்று பாடியது.

யார் எப்படி மாற்றினாலும், தொடக்கத்தில் வரும் நீண்ட ரீங்காரத்தை மட்டும் யாரும் தொடவில்லை. பையன்கள் அதை வாய்மூடி முனகினார்கள். செல்லோ ஒரே வில்லிழுப்பில் தாங்கியது. பியானோவின் எந்தக் கட்டையை அழுத்தினாலும் அந்த ஓசை வராது. 'ஷி' என்ற வெள்ளைக் கட்டைக்கும் அதற்குக் கீழே உள்ள கறுப்புக் கட்டைக்கும் சரியாக நடுவில் விழும். ரசிகர்கள் அதைக் 'கோணல் ஸ்வரம்' என்று செல்லமாகச் சொல்வார்கள்.

பாட்டைப் போட்டவர் நிஷிவாகி இட்சுகோ. நாற்பது வருடமாக எல்லா இசைத்தட்டு அட்டையிலும் அந்தப் பெயர்தான்; காணாமல் போன நாடாவும் அவருடையதுதான். போன மாதம்தான் குசுமி ரியோஹெய் வாயைத் திறந்தார். அன்றைக்கு இசைத்தட்டுக் கம்பெனியில் தயாரிப்பாளராக இருந்தவர், இப்போது எழுபத்திரண்டு வயது. 'மெட்டு என்னுடையது. 1982லேயே தோக்கியோவில் நாடாவில் பதிந்து வைத்திருக்கிறேன்' என்றார். இசைப் படைப்பாளர் சங்கம் இன்று மதியம் மூன்று மணிக்கு இருவர் நாடாவையும் கேட்டுத் தீர்ப்பு சொல்வதாக அறிவித்தது. பழைய நாடா ஒரு முறை ஓடினாலே பொடி உதிரும். அதனால் அதுவரை யார் நாடாவையும் யாரும் கேட்கவில்லை. மாலை ஆறு மணிக்கு இதே மேடையில் பன்னிரண்டாவது முறையாக அந்தப் பாட்டு, வானொலியில் நேரடியாக. பாட்டைப் போட்டவர் என்று யார் பெயரைச் சொல்வது என்பது அந்தத் தீர்ப்பில் இருந்தது.

11:05.

ஒப்பனை அறையில் எல்லோரும் கூடினார்கள். இட்சுகோவுக்கு அறுபத்தெட்டு வயது. சிவப்புக் கழுத்துத்துணியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். மாலையில் பாடப்போகும் மிஹாரு, இருபத்திரண்டு வயதுப் பெண், அழுதே விட்டாள்.

"நான்தான் காலையில அந்த ரூம்ல தனியா இருந்தேன். பத்து நிமிஷம். கும்பிட்டுட்டு வந்தேன், அவ்வளவுதான்!"

"நாடாவைக் கும்பிட்டியா?" என்றார் இட்சுகோ.

"இன்னைக்கு நல்லாப் பாடணுமேன்னு..."

"அது கோயில் இல்லம்மா. ஆறு பாய் விரிச்சா நிறைஞ்சுபோற அறையில நான் குளிர்ல நடுங்கிக்கிட்டே வாசிச்சது."

குசுமி தோல் கைப்பையை மேஜைமேல் தூக்கி வைத்தார்.

"பேச்சு எதுக்கு? எல்லார் பையையும் திறந்து பாருங்க. முதல்ல என்னோடது. நாளைக்கு யாரும் என்னைப் பார்த்துக் கை நீட்டக் கூடாது."

தொகாஷி சங்கடத்தோடு பையைத் திறந்தார். மூக்குக்கண்ணாடி, மாத்திரை, ஒரு பழைய நாடாப் பெட்டி. பெட்டிமேல் மங்கிய மையில் 'குசுமி, தோக்கியோ, நவம்பர் 1982'.

"இது உங்க நாடா" என்று சொல்லிப் பெட்டியைத் திறக்காமலே பணிவோடு திரும்ப வைத்தார்.

மிஹாருவின் பையில் தொண்டை மிட்டாய். இட்சுகோவின் பையில் பாதி தின்ற இனிப்பு ரொட்டி. சாயோவின் பையில் சுத்தியலும் கம்பியும்.

"இந்தக் குளிர்பெட்டிக்கு உள்ள?" என்று கேட்டாள் மிஹாரு.

"கேக்குதான் இருக்கு. மூணு" என்றார் தொகாஷி. "அதோட சாயோசான் காலையிலயே அதைப் பிடுங்கி விட்டுட்டாங்க."

"அது 'ஸோ' கட்டைக்குக் கொஞ்சம் மேல உட்கார்ந்து பாடிக்கிட்டே இருந்துச்சு. கீழ்க்கட்டை எதையும் சேர்க்க முடியல" என்றாள் சாயோ. "தோக்கியோ பக்கம் எந்த அரங்கத்துக்குப் போனாலும் எனக்கு இதே சண்டைதான். தொழில் கத்துக்கிட்ட ஒசாகாவுல வேற மாதிரி சண்டை."

"ஒசாகாவா?" இட்சுகோவின் முகம் கொஞ்சம் மலர்ந்தது. "நானும் அங்கதான். எண்பத்தஞ்சுலதான் இங்க வந்தேன். வரும்போது சலவை மெஷினை அண்ணன்கிட்டயே விட்டுட்டேன். இங்கத்த கரண்டுக்கு அது ஒத்துக்காதுன்னாங்க."

"எனக்கு அந்த ஊரே ஒத்துக்காது" என்றார் குசுமி. "வெளிறிப்போன உடோன் நூடுல்ஸ் சாறு. ஒரு ராத்திரி கூட அங்க தங்கினதில்ல."

"கறுப்புத் தண்ணியில நூடுல்ஸ் முக்கித் தின்னவங்களுக்கு எப்படிப் புரியும்?" என்றார் இட்சுகோ.

மிஹாரு அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். சாயோ சிரிக்கவில்லை.

"குசுமிசான், உங்க நாடாவை எங்க பதிஞ்சீங்க?"

"விசாரணையா? டியூனர் பொண்ணு விசாரிக்கிறா!" அவர் நாற்காலியில் சாய்ந்தார். "தோக்கியோவுல, நகானோவுல என் அறையில. பியானோ, நான், ரெண்டு பேர்தான். இசைத்தட்டுல இருக்கிற அதே சுருதி. ஒரு கட்டை மாத்தல."

"அந்தக் கோணல் ஸ்வரம்?"

"தயாரிப்பாளரா இருந்தப்பவே முப்பது பேட்டியில சொல்லிட்டேன். இந்தத் துறைமுகத்துல கப்பல் ஊதினதைக் கேட்டு நான் சேர்த்தது."

இட்சுகோ எதையோ சொல்ல வந்து, விழுங்கிக்கொண்டார்.

மதியம் 3:00.

மேடையில் ஒரே ஒரு ஒலிநாடா இயந்திரம். ஓடும் வேகம் சரிதானா என்று சங்கத்து அதிகாரி இருமுறை சோதித்துக்கொண்டார். நரைத்த, நிதானமான பெண்மணி.

"நிஷிவாகிசான், உங்க நாடா?"

"இல்லை." அந்த ஒரு சொல்லுக்கு இட்சுகோ அரை நிமிடம் எடுத்துக்கொண்டார்.

"வருத்தப்படறேன். ஒரு பக்கம்தான் ஆதாரம் இருக்குன்னா, நான் அதை வெச்சுத்தான் முடிவு சொல்ல முடியும்."

குசுமியின் சுருள் இயந்திரத்தில் ஏறியது. பழைய நாடாவின் உராய்வு. அதற்கு அடியில் ஒரு மெல்லிய ரீங்காரம். அதன்மேல், பனி விழுவதுபோல், பியானோ.

இட்சுகோ எழுந்து நின்றுவிட்டார். "இது என் கை! என் நாடா இது!"

"தோத்தவங்க எல்லாரும் இதைத்தான் சொல்வாங்க" என்றார் குசுமி.

இரண்டாம் சரணத்தின் நடுவில் ரீங்காரம் ஒரு குலுங்கலோடு நின்றது. பியானோ மட்டும் தொடர்ந்து போய் முடிந்தது. குசுமி எட்டி இயந்திரத்தை நிறுத்தினார்.

"போதும். நாடா உதிரும்."

அதிகாரி பேனாவைத் திறந்தார். இட்சுகோவின் கழுத்துத்துணி கீழே விழுந்தது, அவர் எடுக்கவில்லை.

"ஒரு நிமிஷம்" என்றாள் சாயோ.

3:12.

அவள் பியானோ முன் உட்கார்ந்து 'ஷி'யை அழுத்தினாள். பிறகு பக்கத்துக் கறுப்புக் கட்டையை.

"பியானோவுக்கு அடியில ஒரு ரீங்காரம் கேட்டுச்சே, அது இந்த ரெண்டுக்கும் நடுவுல இருந்தது. எல்லாருக்கும் தெரிஞ்ச ஓசைதான்."

"கோணல் ஸ்வரம்!" என்றாள் மிஹாரு.

"ஆமா. ஆனா அதை யாரும் வாசிக்கல. பாட்டு பாதியில இருக்கும்போதே குலுங்கி நின்னுச்சு. அது குளிர்பெட்டி."

குசுமி சிரித்தார். "இந்த அரங்கத்துக் குளிர்பெட்டியா இருக்கும்."

"அதைக் காலையில ஒன்பது மணிக்கே நான் பிடுங்கிட்டேன்."

"சரி, என் நகானோ அறையில ஒண்ணு இருந்துச்சு. குளிர்பெட்டி வெச்சிருக்கிறது குத்தமா?"

"குத்தமில்ல. ஆனா அது வேற ஸ்வரத்துல பாடியிருக்கணும்."

சாயோ 'ஸோ'வை அழுத்தி, ஓசை தேயும்வரை விடாமல் வைத்திருந்தாள்.

"நம்ம நாட்டுக்குக் கரண்டு ரெண்டு. கிழக்கே நொடிக்கு அம்பது சுழற்சி, மேற்கே அறுபது. தாத்தா காலத்துல ரெண்டு ஊர்க்காரங்க ரெண்டு நாட்டுல இயந்திரம் வாங்கினாங்க, இன்னும் ஒட்டல. அதனாலதான் இட்சுகோசான் சலவை மெஷினை விட்டுட்டு வந்தாங்க. குளிர்பெட்டியோட முனகல் அந்தச் சுழற்சியைப் போல ரெண்டு மடங்கு. தோக்கியோவுல நூறு, 'ஸோ'வுக்குக் கொஞ்சம் மேல. ஒசாகாவுல நூத்தி இருபது, இதோ, இந்த ரெண்டு கட்டைக்கு நடுவுல. எந்தக் கம்பெனிக் குளிர்பெட்டியா இருந்தாலும் சரி. ஒசாகாவுல அஞ்சு வருஷம் நான் அதோட சண்டை போட்டிருக்கேன்."

அதிகாரி பேனாவை மூடினார்.

"நாடா வேகமா ஓடியிருக்கும்" என்றார் குசுமி. குரலில் பழைய சாய்வு இல்லை.

"ஓடியிருந்தா பியானோவும் சேர்ந்து ஏறியிருக்கும். அது இசைத்தட்டுச் சுருதியிலேயே இருக்கு. ஒரு கட்டை மாத்தலன்னு நீங்கதான் சொன்னீங்க. ஒசாகாவுல ஒரு ராத்திரி கூடத் தங்கலன்னும் நீங்கதான் சொன்னீங்க."

சாயோ பியானோ முன்னாலிருந்து எழுந்தாள்.

"காணாமப்போன நாடா எங்கன்னு காலையிலேருந்து தேடறோம். பையிலேயே இருந்தது. அவர் பெட்டிக்குள்ள. தன்னோட பையை முதல்ல திறக்கச் சொன்னதும் அதுக்குத்தான். பேர் எழுதின பெட்டியைப் பார்த்தா தொகாஷிசான் மரியாதையா மூடிடுவார்னு அவருக்குத் தெரியும்."

தொகாஷி தலையில் கை வைத்துக்கொண்டார்.

"எனக்கும் குளிர்பெட்டின்னு தெரியும்" என்றார் இட்சுகோ மெதுவாக. "பியானோவை ஒட்டித்தான் அது இருந்துச்சு, வேற இடமில்ல. அந்த முனகல் மேலதான் மெட்டே வந்துச்சு. இவர் கப்பல்னு சொன்னப்ப, அது அழகா இருக்கேன்னு விட்டுட்டேன். குளிர்பெட்டின்னு சொன்னா யார் காதலிப்பாங்க? ஆனா ஊருக்கு ஊர் வேற மாதிரி பாடும்னு தெரியாது. ஒவ்வொண்ணும் அதது இஷ்டத்துக்கு முனகும்னுல்ல நினைச்சேன்."

"மிச்ச நாடாவையும் ஓட விடுங்க" என்றாள் சாயோ. "அவர் ஏன் அவ்வளவு அவசரமா நிறுத்தினார்னு பார்ப்போம். திருடின நாடா, மிச்சத்துல என்ன இருக்குன்னு அவருக்கே தெரியாது, அந்தப் பயம்தான்."

சுருள் சுழன்றது. உராய்வு. நாற்காலி நகரும் சத்தம். பிறகு ஒரு இளம்பெண்ணின் குரல், அச்சு அசல் ஒசாகாப் பேச்சில், வெகு அருகில்:

"அட, மறுபடியும் நின்னு தொலைச்சியா? பால் கெட்டா நீயா வாங்கித் தருவே?"

தகரத்தில் ஒரு உதை. குலுக்கல். கோணல் ஸ்வரம் மறுபடி ஆரம்பித்தது.

இட்சுகோ இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்து மிஹாரு ஓடிப் போய் அணைத்தாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். இருபத்தேழு வயதில் தான் உதைத்த உதைக்காக, கண்ணில் நீர் வழிய, மூச்சு முட்டச் சிரித்துக்கொண்டிருந்தார்.

குசுமி கைப்பையை மூடினார். "எல்லா அட்டையிலும் தயாரிப்பாளர்னு என் பேர் சின்ன எழுத்துல, கடைசி வரியில இருந்துச்சு" என்றார் யாரிடமோ. "பன்னிரண்டாவதுல அதுவும் இல்லன்னுட்டாங்க."

அதிகாரி அவரை ஆபீஸ் அறைக்கு அழைத்துப் போனார். தொகாஷி காவல் நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தார்.

மாலை 6:00.

"பாட்டு, இசை: நிஷிவாகி இட்சுகோ" என்றது வானொலி. திரைக்குப் பின்னால் நின்றிருந்த இட்சுகோ, வெகுநேரம் சுமந்த பையை இறக்குவதுபோல் மூச்சு விட்டார். மேடையில் மிஹாரு வாயை மூடி முதல் ரீங்காரத்தைத் தொடங்கினாள். இரண்டு கட்டைகளுக்கு நடுவே, ஒரு மயிரிழை பிசகாமல்.

6:40.

ஒப்பனை அறைக் குளிர்பெட்டியைத் திறந்த தொகாஷி அலறினார். அன்றைக்கு இரண்டாவது முறை.

மூன்று கிறிஸ்துமஸ் கேக்கும் சரிந்து ஒன்றாகியிருந்தன. ஸ்ட்ராபெர்ரிகள் கிரீமில் பாதி மூழ்கிக் கிடந்தன.

"மறுபடி செருகவே மறந்துட்டேன்" என்றாள் சாயோ.

"துப்பறிஞ்சதுக்கு நன்றி. கேக்கைக் கொன்னதுக்கு?"

"ஸ்பூன் கொண்டா" என்றார் இட்சுகோ.

நான்கு பேரும் தட்டில்லாமல், பெட்டியிலிருந்தே அள்ளித் தின்றார்கள். சாயோ குனிந்து மின்செருகியைச் செருகினாள். குளிர்பெட்டி ஒரு முறை சிலிர்த்துக்கொண்டு முனகத் தொடங்கியது. இட்சுகோ ஸ்பூனை வாயில் வைத்தபடியே அதன் கதவில் காதை ஒட்டி, கண்ணை மூடிக் கேட்டார்.

"ம்ஹூம். இதுக்கு வேற பாட்டு போடணும்."