ஒரே பக்கம் தொங்கிய துளிகள்

அச்சிமுகம்மது முற்றத்தில் கதிரையைப் போட்டுச் சுளகில் பயறு பொறுக்கிக்கொண்டிருந்தார். முபாறக் கேற்றைத் தட்டாமலே உள்ளே வந்தான். கையில் நீளமான ஒரு துணிப்பொதி.

"காக்கா, நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும். என்ட வேலையாள் கிருஷாந்தன்தான் செஞ்சதெண்டு. நான் பொலிசுக்குப் போறன்."

"ஆளத் தெரிஞ்சா என்னட்ட ஏன் வந்த? இரி."

அச்சிமுகம்மது பொலிஸ் குற்றப் பிரிவில் கிடந்து தேய்ந்த மனிதர். ஓய்வு பெற்ற பிறகும் கல்முனைச் சனம் பொலிஸ் வாசலுக்குப் போகுமுன் அவர் முற்றத்தைத்தான் மிதிக்கும். அவரை ஏற்றித் திரிகிற முச்சக்கர வண்டிக்காரன் பாண்டிருப்புத் தம்பிமுத்து, வெளியே வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தவன், துடைத்த துணியோடு ஓடி வந்தான். வழக்கு என்றால் அவனுக்குப் பசி தெரியாது.

முபாறக் பொதியை அவிழ்த்தான். இரண்டு துண்டாகப் பொருத்துகிற தூண்டில் தடியின் நுனித்துண்டு. நூல் போகிற வளையங்களைத் தடியோடு சேர்த்து வரிந்து கட்டி, கட்டுகளின் மேல் கண்ணாடி போன்ற பூச்சுப் பூசியிருந்தது. ஒவ்வொரு கட்டிலும் பூச்சு வழிந்து, துளியாகத் தொங்கி, அப்படியே கல்லாக இறுகிக் கிடந்தது.

"இந்தப் பூச்சு தேன் மாதிரி காக்கா. இறுகுற மட்டும் தடி உருண்டுகொண்டே இரிக்கணும். நிண்டா வழிஞ்சிரும். அதுக்குத்தான் ரெண்டு மோட்டர் வெச்சிரிக்கன். ஒண்டுல அடித்துண்டு, மத்ததுல நுனித்துண்டு. அடித்துண்டு கண்ணாடியா வந்திரிக்கி. இது மட்டும் இப்பிடி. நாளைப் பின்னேரம் வாடிக்கைக்காரர் வாறார்."

"கிருஷாந்தன் ஏன்?"

"நேத்து நிந்தவூர்ல நிக்காஹ் வீடு. பூசி முடிஞ்ச கையோட நான் போயிட்டன். பட்டறையப் பூட்டினது அவன். என்ட திறப்பத் தவிர மத்தத் திறப்பு அவன்ட கையில. அக்கரைப்பற்றுக் கடைக்காரன் ஒருத்தன் அவன வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டிரிக்கான். அடுத்த வீட்டு றாஹிலா ராத்தா சொல்றா, பொழுதுபடக்குள்ள, மஃரிபு நேரம் மெசின் சத்தம் நிண்டதாம். அவன் பூட்டிப்போட்டுப் போன நேரமும் அதுதான்."

"அவனுக்கிட்டக் கேட்டியா?"

முபாறக் நிலத்தைப் பார்த்தான். "காலையில தேத்தண்ணிக் கடையில வெச்சி ஏசிப்போட்டன். கூட இருந்து குழி பறிச்சவன் எண்டு. திறப்பையும் பறிச்சிட்டன்."

"சனத்துக்கு முன்னால?"

"ஓம்."

"அப்ப அவன்ட பேர் போயிற்று. இனி இந்த ரோட்டில ஆரு அவனுக்கு வேலை குடுக்கிற?" அச்சிமுகம்மது சுளகைக் கீழே வைத்தார். தடியை வாங்கி வெயிலில் பிடித்து மெல்லத் திருப்பினார். "தம்பிமுத்து, என்ன தெரியுது?"

"எல்லாத் துளியும் ஒரே பக்கம் காக்கா. வரிசையா."

"துளிட நுனியப் பாரு."

துளிகள் நேராகத் தொங்கவில்லை. நுனிகள் சாய்ந்து, பல்லி வாலைச் சுருட்டினது போல் வளைந்திருந்தன.

முபாறக்கின் பட்டறை அவன் வீட்டுச் சமையல் குசினியின் பின்சுவரில் சாய்த்துக் கட்டிய தகரக் கொட்டில். நீள மேசையில் பழைய மைக்ரோவேவ் அடுப்புகளில் கழற்றிய இரண்டு சின்ன மோட்டர்கள். மோட்டர் முனையில் பைப் மூடி. அதற்குள் தடியின் ஒரு முனையை விட்டு, ரப்பர் பட்டிகளால் இறுக்கியிருந்தார்கள். மறுமுனை வழுக்கிப் போகாமல், மெத்தென்ற துணி ஒட்டிய கவட்டைக் கட்டையில் கிடக்கும். அடித்துண்டு இன்னும் அப்படியே இருந்தது. பூச்சில் முகம் தெரிந்தது.

அச்சிமுகம்மது இரண்டையும் ஓடவிட்டார். அடித்துண்டின் மோட்டர் சத்தமில்லாமல் சுற்றியது. மற்றது கீச், கீச் என்று பல்லைக் கூசவைத்தது. முந்தியதின் வயர் கொட்டில் பிளக்குக்குப் போனது. கீச்சிடுகிறதின் வயர் யன்னலால் குசினிக்குள் போனது. பிறகு வயரில் இருந்த ஸ்விட்சுகளால் இரண்டையும் நிறுத்தினார்.

"இஞ்சத்தப் பிளக் ரெண்டயும் தாங்காது காக்கா" என்றான் முபாறக்.

"அவன் பட்டியக் கழட்டித் தடிய அசையாமப் பிடிச்சிருப்பான்" என்றான் தம்பிமுத்து. "வழிஞ்சாப் பிறகு திரும்ப மாட்டிப்போட்டுப் போயிருப்பான். என்ட ஊர்ப் பொடியன் எண்டு நான் விட்டுக் குடுக்க மாட்டன்."

"ஈரப் பூச்சில கை பட்ட அடையாளம் எங்க? முபாறக், காலையில நீ திறக்கக்குள்ள தடி எப்பிடிக் கிடந்த?"

"பட்டி இறுக்கமா இருந்திச்சி. உருண்டுகொண்டுதான் இருந்திச்சி. அதான் எனக்கும் விளங்கல்ல."

"எப்பவும் பின்னேரத்திலயா பூசுற?"

"இல்ல. ராவைக்கு இஷா தொழுதுபோட்டு வந்துதான் பூசுவன். விடியக்குள்ள இறுகியிரும். நேத்து அவசரம். கிருஷாந்தன் நாளைக்குப் பூசுவம் எண்டான். நான் கேக்கல்ல."

அந்த நேரம் பள்ளிவாசலில் நடுப்பகல் தொழுகைக்கான லுஹர் பாங்கு கேட்டது. குசினிக்குள் கடகடத்துக்கொண்டிருந்த கிரைண்டர் பாதியில் நின்றது. முபாறக் சட்டைப்பையில் இருந்து தொப்பியை எடுத்தான். அச்சிமுகம்மது குசினி யன்னலையே சற்றுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தம்பிமுத்து, பின்னேரம் அசறுப் பாங்குக்கு முன்ன கிருஷாந்தனக் கூட்டி வா. முபாறக், நீயும் நில்லு. வீட்டில ஒண்டும் கதைக்காத."

பின்னேரம் கிருஷாந்தன் வந்தான். கொட்டிலுக்குள் காலெடுத்து வைக்கவில்லை. வாசல் கப்புத் தூணில் தோளைச் சாய்த்து நின்றான். சாப்பிடாத முகம்.

"உள்ளுக்கு வா" என்றான் தம்பிமுத்து.

"வேணாம். ஏச்சு வாங்க இந்த இடம் காணும்."

முபாறக் வாயைத் திறந்தான். அச்சிமுகம்மது கையைக் காட்டி அடக்கினார். கீச்சிடுகிற மோட்டரில் ஒரு மூங்கில் கம்பை மாட்டி, பட்டி போட்டு ஓடவிட்டார். மற்றதையும் ஓடவிட்டார். "ஒருத்தரும் கதைக்காதீங்க" என்றார்.

கீச். கீச். தகரக் கூரை கொதித்தது. முபாறக்கின் கழுத்தில் வியர்வை இறங்கியது. கிருஷாந்தன் மூங்கிலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது. பாங்கு தொடங்கியது.

கீச்சுச் சத்தம் நின்றது.

மூங்கில் அசையாமல் கிடந்தது. பக்கத்தில் அடித்துண்டு சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு பள்ளியில் முடிய மற்றப் பள்ளியில் கேட்டது. எல்லாம் ஓயும்வரை அச்சிமுகம்மது காத்திருந்தார்.

"மகள் றஸ்னா, கொஞ்சம் வாங்க" என்று கூப்பிட்டார் அச்சிமுகம்மது.

முபாறக்கின் மனைவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தாள்.

"இப்ப என்ன செஞ்சீங்க?"

"ஒண்டும் செய்யல்லயே காக்கா. பாங்கு சொன்ன. கிரைண்டர நிப்பாட்டின, அந்தக் கீச்சுச் சத்தத்தையும் நிப்பாட்டின. பாங்கு நேரம் அந்தச் சத்தத்தோட எப்பிடி இரிக்கிற?"

"நேத்து மஃரிபுக்கும்?"

"ஓம். தொழுது, ஓதி எழும்பித்தான் திரும்பப் போட்டன்."

முபாறக் மனைவி பக்கம் திரும்பினான். "காலையில மெசின நிப்பாட்டினது ஆரெண்டு கத்தினனே. நீ அங்கதானே நிண்ட."

"நான் மெசினயா நிப்பாட்டின? சத்தத்தத்தானே."

சொல்லிவிட்டு அவள் மூங்கிலைப் பார்த்தாள். பிறகு வாசலில் நின்ற கிருஷாந்தனைப் பார்த்தாள். முக்காட்டின் நுனி வாய்க்குப் போனது.

"கெடுக்க வந்தவன் நிப்பாட்டிப்போட்டுப் போயிருவான்" என்றார் அச்சிமுகம்மது. "துளிட வால் சுருண்டிரிக்கி. வழிஞ்சாப் பிறகு, இறுக முந்தி, மறுகாவும் உருண்டிரிக்கி. நிப்பாட்டினவங்களுக்குத் திரும்பப் போடுற தேவையும் இருந்திரிக்கி."

"மறைக்கிறத்துக்குப் போட்டிருந்தா?" என்றான் தம்பிமுத்து.

"மறைக்கிறவன் துளியத் துடைச்சிருப்பான். ஒரு துணி போதும். கரண்ட் போயிருந்தா ரெண்டும் நிண்டிரிக்கும். சத்தம் போடுறது மட்டும் நிண்டிரிக்கி. அதான் சத்தம் ஆருக்கு இடைஞ்சல் எண்டு பாத்தன். லுஹருக்குக் கிரைண்டர் நிண்டது உங்கட காதிலயும்தானே விழுந்த. முபாறக், பாங்கு கேட்டா நீ பள்ளிக்குப் போயிருவ, அதால உனக்குத் தெரியல்ல. இஷாவுக்குப் பிறகு பூசினா விடியும் மட்டும் பாங்கு இல்ல. அதால இவ்வளவு காலமும் தப்பின."

முபாறக் சட்டைப்பையில் இருந்து திறப்பை எடுத்தான். வாசலுக்குப் போய் நீட்டினான்.

கிருஷாந்தன் வாங்கவில்லை.

"துளியச் சீவித் தேச்சி, இண்டைக்கு இஷாவுக்குப் பிறகு மறுபூச்சுப் பூசினா நாளைப் பின்னேரம் குடுக்கலாம் முதலாளி. நான் வாறன். ஆனா திறப்ப இஞ்ச வெச்சித் தராதீங்க. பறிச்ச இடத்தில தாங்க."

றஸ்னா உள்ளே போனாள். தையல் மெசின் எண்ணெயோடு வந்து, கீச்சிட்ட மோட்டரில் இரண்டு சொட்டு விட்டாள். திரும்பிப்போய் ஸ்விட்சைப் போட்டாள். மூங்கில் சத்தமில்லாமல் சுற்றியது.

"தொழுதிட்டுப் போவம்" என்றார் அச்சிமுகம்மது. "பள்ளி விட்டாச் சனம் எல்லாம் தேத்தண்ணிக் கடையிலதான் நிக்கும்."

முபாறக் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தான். "சனம் நிக்கட்டும் காக்கா. காலையிலயும் நிண்டதுதானே."

தொழுகை முடிந்து அவர்கள் வெளியே வந்தபோது, தம்பிமுத்து கிருஷாந்தனோடு வண்டியைப் பள்ளி வாசலில் நிறுத்தியிருந்தான். ஏறின இடத்திலிருந்து முபாறக் திறப்பைக் கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தான். கடையில் இருந்த வாங்குப் பலகைகளில் எல்லாம் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். வண்டி நின்றதும் பேச்சு நின்றது.

முதலில் இறங்கியவன் முபாறக்.