மூன்றாவது அருவிக்குக் குறுக்குவழி

குணாளன் மாமாவுக்குக் குறுக்குவழி என்றால் உயிர். கூலிம் சந்தைக்குப் போனாலும் குறுக்குவழி, கோயிலுக்குப் போனாலும் குறுக்குவழி. எங்கே போனாலும் அரை மணி நேரம் தாமதமாகத்தான் போய்ச் சேர்வார்.

அப்படிப்பட்டவரை நம்பி ரூபினி கிளம்பியதற்கு ஒரே காரணம் அருவி. பதினொரு வயதில் ஓர் அருவியைக்கூட அவள் நேரில் பார்த்ததில்லை. மூன்று மாதமாக இதோ அதோ என்று சொல்லிவந்த மாமாவுக்கு இன்றுதான் லீவு கிடைத்தது. தம்பி வசந்தனும் தொற்றிக்கொண்டான்.

காட்டுப்பாதையில் மரத்துக்கு மரம் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. மாமா அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"ரிப்பனைப் பார்த்து நடந்தா ரெண்டு அருவிதான் கிடைக்கும். மூணாவது இந்த இடுக்குக்குள்ள இருக்கு. பத்து வருஷத்துக்கு முன்னால நானே பார்த்திருக்கேன்லா."

இரண்டு பக்கமும் செங்குத்தான பாறை, நடுவில் ஆறு. கால் வைக்கும் இடமெல்லாம் வழுக்கியது. இதில் மாமாவின் தோளில் ஒரு முழுத் தர்பூசணி வேறு. அருவித் தண்ணீரில் குளிரவைத்துச் சாப்பிட வேண்டுமாம். ஒவ்வொரு பாறையிலும் முதலில் ரூபினி ஏற வேண்டும். பிறகு தர்பூசணியை வாங்க வேண்டும், பிறகு தம்பியை. கடைசியில்தான் மாமா ஏறி வருவார்.

இரண்டு முறை தவறான ஓடையில் நுழைந்து, பாறைச்சுவரில் முட்டிக்கொண்டு திரும்பினார்கள்.

"இன்னும் எவ்வளவு தூரம் மாமா?"

"அஞ்சே நிமிஷம்."

பத்து மணிக்கும் அதையேதான் சொன்னார். இப்போது மணி பன்னிரண்டு.

"அக்கா, ஏழாவது அட்டை," என்றான் வசந்தன், காலைத் தூக்கிக் காட்டி.

ரூபினி தலையில் அடித்துக்கொண்டாள். மாமா பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று அம்மா சொல்வது சும்மா இல்லை.

அப்போதுதான் அந்த இரைச்சல் கேட்டது. அடுத்த வளைவுக்கு அப்பால் 'சோ'வென்று தண்ணீர் கொட்டும் சத்தம்.

"கேட்டுச்சா? நான் சொன்னேனா இல்லையா?" மாமாவின் முகம் மலர்ந்தது.

ரூபினியின் கோபமெல்லாம் பறந்துவிட்டது. முகம் கழுவலாம் என்று குனிந்தாள். குனிந்தவள் அப்படியே நின்றாள்.

சற்று முன்புவரை கண்ணாடியாக இருந்த தண்ணீர் தே தாரிக் என்னும் பால் தேநீரின் நிறத்துக்கு மாறியிருந்தது. சுள்ளிகளும் இலைகளும் மிதந்து வந்தன. கணுக்கால் அளவு தண்ணீர் முட்டிக்கு ஏறிக்கொண்டிருந்தது.

"மாமா, கெப்பாலா ஆயர் வருது. மேலே ஏறணும்."

மலையுச்சியில் மழை பெய்தால் ஆற்றில் திடீரென்று பாய்ந்து வரும் வெள்ளத்துக்குத்தான் அந்தப் பெயர். மாமாவுக்கும் அது தெரியும். தெரிந்தும் அண்ணாந்து பார்த்தார்.

"வெயில் கொளுத்துது. எங்க மழை? இன்னும் அஞ்சு நிமிஷம்தான்லா."

ரூபினிக்கு அழுகையே வந்தது. அருவி அதோ அந்த வளைவில் இருக்கிறது. அவளுக்கு மட்டும் பார்க்க ஆசையில்லையா? ஆனால் சண்டை போட்டால் மாமாவும் சண்டை போடுவார். அவர் சண்டை ஐந்து நிமிடத்தில் முடியாது.

மாமா தன் ஃபேக்டரியில் தீ பாதுகாப்புக் குழுவில் இருக்கிறார். அந்தக் குழுவின் பச்சைச் சட்டையைப் போட்ட பெருமையை எல்லார் வீட்டு விருந்திலும் சொல்வார்.

"மாமா, உங்க ஃபேக்டரியில மணி அடிச்சா என்ன செய்வீங்க?"

"இது என்ன கேள்வி? கையில இருக்கிறதப் போட்டுட்டு எல்லாரையும் வெளியே கொண்டுபோவேன்."

"நெருப்பு எங்கேன்னு பார்க்க மாட்டீங்களா?"

"பார்க்கக்கூடாது. மணி அடிச்சா கிளம்பணும், அவ்வளவுதான்."

ரூபினி தண்ணீரைக் காட்டினாள். "அடிச்சிருச்சு மாமா."

மாமா தண்ணீரைப் பார்த்தார். வசந்தனைப் பார்த்தார். தர்பூசணியைப் பாறையில் வைத்தார்.

"வசந்தா, முதுகில ஏறு. ரூபினி, அந்த வேரைப் பிடிச்சு முன்னால போ. கீழே பார்க்காதே."

வேரையும் கொடியையும் பற்றி, மூச்சு வாங்க வாங்க ஏறினார்கள். மேட்டை எட்டியபோது கீழே ஒரே உறுமல். மண்நிறத்தில் வெள்ளம் மரத்துண்டுகளை உருட்டிக்கொண்டு வளைவைத் தாண்டி வந்தது. அவர்கள் நின்ற பாறை இருந்த இடமே தெரியவில்லை.

"தர்பூசணி போச்சு," என்று வசந்தன் அழ ஆரம்பித்தான்.

மாமா அப்படியே உட்கார்ந்துவிட்டார். வசந்தனை இழுத்து மடியில் இறுக்கிக்கொண்டார்.

காலையிலிருந்து ரூபினி திட்டுவதற்கு நிறைய சேர்த்து வைத்திருந்தாள். மாமாவின் முகத்தைப் பார்த்ததும் அதையெல்லாம் ஒதுக்கிவைத்தாள். தண்ணீர்ப் புட்டியைத் திறந்து நீட்டினாள்.

"உங்கம்மாகிட்ட என்ன சொல்லப்போறே?" என்று மாமா மெல்லக் கேட்டார்.

"மணி அடிச்சதும் மாமா எங்களை மேலே கொண்டுவந்துட்டார்னு சொல்லுவேன். மிச்சத்தை நீங்க சொல்லிடுங்க."

மாமா ஒரு வாய் குடித்துப் புட்டியை மூடினார். பிறகு எழுந்தார். "நீ முன்னால நட. நீ சொல்ற வழியிலயே போவோம்."

மேட்டோரமாக நடந்து பாதையைப் பிடித்தபோது போனில் லைன் கிடைத்தது. மாமா அம்மாவை அழைத்தார். முன்னால் நடந்த ரூபினிக்கு அவர் பேச்சு மட்டும் கேட்டது.

"அக்கா, தப்பு என் மேலதான். பிள்ளைங்க நல்லா இருக்காங்க. ரூபினி மேலே ஏறணும்னு சொன்னா, நான் கேட்டேன்... யாரா? நான்தான்க்கா. ஆமா, கேட்டேன்... நிஜமாத்தான்க்கா, சொன்ன பேச்சைக் கேட்டேன்."

அம்மா நம்பவே இல்லை போலிருக்கிறது. கடைசியில் மாமா போனை ரூபினியிடம் நீட்டி, "நீயே சொல்லு," என்றார்.

"ஆமாம்மா," என்றாள் ரூபினி. "மாமா கேட்டார்."