தோளில் சாய்ந்தவன்

மழைக்கு ஷட்டரெல்லாம் இறக்கிவிட்ட காலாப்பட்டு பஸ். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் கவிநிலாவின் தோளில் சாய்ந்தான். தள்ளிவிட்டாள். மறுபடியும் சாய்ந்தான். அழகான கண்கள்தான்… ஆனால் சிவந்துபோய் எங்கேயோ பார்த்தன. வாய் குழறியது. பாண்டிச்சேரியில் சாயங்கால பஸ்ஸில் தள்ளாடுகிறவனைப் பார்த்தால் வேறென்ன நினைக்கத் தோன்றும்?

"குடிச்சிட்டு பொம்பளைங்க மேல வந்து வுழுவீங்களா?"

அவள் போட்ட சத்தத்தில் பஸ்ஸே திரும்பியது. கண்டக்டர் அவனை லாஸ்பேட்டை பக்கம் மழையில் இறக்கிவிட்டார். பஸ் நகர்ந்தபோது அவன் ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டதைப் பார்த்தாள்… முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள், அவள் டெக்னீஷியனாக வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியில், எக்கோ என்கிற இதய ஸ்கேன் எடுக்க ஸ்ட்ரெச்சரில் வந்தது அதே முகம்.

கருவியை அவன் நெஞ்சில் வைத்தாள். திரையில் இதயத்தின் மேல்பாதி துடித்தது. நுனி மட்டும் பலூன் மாதிரி உப்பி, அசையாமல் கிடந்தது.

"மூளைக்காய்ச்சல்," என்றார் டாக்டர். "அதான் நேத்து தள்ளாடியிருக்கார். அந்த அதிர்ச்சியில இதயத் தசை சோர்ந்துபோச்சு. அடைப்பு எதுவும் இல்ல. காய்ச்சல்லேருந்து மீண்டு வந்தா இதுவும் தேறிடும்."

நோணாங்குப்பத்திலிருந்து ஓடிவந்த அவன் அம்மா அஞ்சலாட்சி கவிநிலாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "எம்புள்ள பிரேம்குமாரு குடிக்கவே மாட்டாம்மா. எவளோ ஒருத்தி கத்தி பஸ்ஸ வுட்டு எறக்கிட்டாளாம்… ஒரு ஆட்டோக்காரரு பாக்கலன்னா போயிருப்பான்."

'ம்' என்றபடி கவிநிலா அவருக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள்.

அவன் கண் விழித்த பிறகு தினமும் வார்டுக்குப் போனாள்.

"எக்கோ எடுக்கறவங்க வார்டுக்கெல்லாம் வருவாங்களா?"

"வரக்கூடாதா?"

"வரலாம்… வரலன்னாதான் கஷ்டமா இருக்கு."

அவன் சிரித்ததை அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பஸ் ஏறியது வரைக்கும்தான் அவனுக்கு ஞாபகம். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை… அப்படி நினைத்ததற்கே அவளுக்குத் தன்மேல் அருவருப்பு வந்தது.

வீடு திரும்பியவன் சில வாரம் கழித்து மறுபடி எக்கோவுக்கு வந்தான். நுனி நன்றாகத் துடித்தது.

"தேறிடுச்சு," என்றவளுக்கு அழுகை முட்டியது. "அன்னிக்கு பஸ்ல கத்தினது… நான்தாங்க."

அவன் தரையைப் பார்த்தபடி சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டான்.

"நான் உங்ககிட்ட… தப்பா எதாச்சும் நடந்துக்கிட்டனா? வெக்கத்துல யாரையும் கேக்க முடியல."

"இல்லீங்க. தோள்ல சாஞ்சீங்க… அவ்ளோதான். நீங்க ரோட்டோரம் உக்காந்தத பாத்துட்டும் மூஞ்சத் திருப்பிக்கிட்டது நான்தான்."

அவன் கட்டிலைவிட்டு இறங்கினான்.

"கோவமா?"

"கோவந்தான்… ஆனா இந்த ரூமுக்கு எப்ப வருவோம்னு காத்துக்கிட்டிருந்தேன். அதுவும் நெசந்தான்." கதவைப் பார்த்தான். "அம்மா வெளியதான் இருக்காங்க. நான் சொல்லட்டுமா?"

"வேணாம். நான்தான் சொல்லணும்."

பெஞ்சில் இருந்த அஞ்சலாட்சியின் முன்னால் போய் நின்றாள். "அம்மா… பஸ்ல கத்தி எறக்கிவுட்டவ நான்தாம்மா."

அஞ்சலாட்சி அவள் முகத்தையே பார்த்தார்.

"எத்தினி நாளு எம் பக்கத்துல நின்ன? அப்பவே சொல்றதுக்கு என்ன?"

"வெக்கமா இருந்துச்சும்மா. அப்புறம் உங்க புள்ளய எனக்குப் புடிச்சிப்போச்சு… இன்னும் வெக்கமாயிடுச்சு."

கதவோரம் நின்ற மகனை அஞ்சலாட்சி திரும்பிப் பார்த்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அஞ்சலாட்சி பெஞ்சில் சற்று நகர்ந்து இடம் விட்டார்.

"உக்காரு… நின்னுக்கிட்டே அழுவாத."