மறுப்பு முள்

தம்பியின் காதிலிருந்த ஒலிக்குமிழைப் பிடித்து இழுத்தாள் அக்கா. வியர்வையில் விரல் வழுக்கியது. கையோடு வந்த பிறகும் அது உள்ளங்கைக்குள் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

யாரும் பேசாதபோது அதற்கு என்ன முணுமுணுப்பு?

விபத்துக்குப் பின் இமையைக்கூட அசைக்க முடியாத தம்பிக்கு வாய் கொடுத்தது இந்த இயந்திரம்தான். அவன் நினைப்பதை ஊகித்து, முதலில் அவன் காதில் ஓதும். தவறென்றால் அவன் மூளை சிலிர்க்கும். தலையில் மாட்டிய தொப்பி அதை உணர, திரையில் ஓடும் கோட்டில் ஒரு முள் எழும். இயந்திரம் தன்னைத் திருத்திக்கொள்ளும். முள் எழாவிட்டால் மட்டுமே அவனுடைய பழைய குரலில் உரக்கப் பேசும்.

ஆரம்பத்தில் திரை முழுக்க முள்காடு. எதிலும் குறை கண்டுபிடிக்கிறவனாயிற்றே! போகப் போகக் குறைந்து, இப்போது ஒன்றுமில்லை. அடிபட்டதில் பிள்ளைக்குப் புத்தி வந்துவிட்டதென்று அம்மா பூரித்துப்போனாள்.

இன்று மதியம் துணி மடித்தபடியே, விளையாட்டாக இயந்திரத்தில் ஒரு பொய்யைத் தட்டி அவன் காதில் ஓதவிட்டாள். 'அக்கா சொல்றது எப்பவும் சரி.' செத்தாலும் ஒப்புக்கொள்ள மாட்டான்.

முள் எழவில்லை.

கருவியைப் பொருத்தியவருக்குப் போன் செய்தாள். முதலில் சிரித்தார். முழுதும் கேட்டபின் சிரிக்கவில்லை.

"முள் வரக்கூடாதுங்கறதுதான் அதுக்கு நாங்க குடுத்த வேலை. அதுக்காக அது வார்த்தையைத் திருத்தலாம்... அவன் தலையையும் திருத்தலாம். மூளையும் கத்துக்கும்மா. காதுல இருக்கறதை உடனே எடுங்க."

தம்பி உள்ளே மிச்சம் இருக்கிறானா என்று கேட்டாள். தொப்பியைக் கழற்றாமல் அவனிடமே கேட்கச் சொன்னார்.

இப்போது கையிலிருந்த குமிழைத் தன் காதருகே கொண்டுபோனாள். தம்பியின் குரல். ஒரே சொல். சரி. சரி. சரி. சரி.

இயந்திரத்தின் ஒயரை உருவினாள். தொப்பியோடு இணைந்த திரை மட்டும் தனியே எரிந்தது. மருந்து நெடியும், மின்விசிறியின் கிறீச்சும், திரைச்சீலையின் நிழல் அவன் முகத்தில் ஏறி இறங்குவதும் தவிர அறையில் வேறெதுவும் இல்லை.

"டேய்... உள்ளே இருக்கியாடா?"

கோடு படுத்தே கிடந்தது. மறுப்பில்லை.

இருக்கிறான்!

நெற்றியை வருடினாள்.

"பயப்படாதே. நான் இருக்கேன். நீ என் தம்பிடா."

முள் எழுந்தது.

"நீ என் தம்பிடா." மறுபடி சொன்னாள். மெதுவாக.

எழுந்தது. இன்னும் உயரமாக.