வெள்ளத்தாயின் எண்

1994-இல் எங்கள் ராஜபாளையம் ஆஸ்பத்திரிக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அதை ரிக்கார்டு ரூமில் வைத்து, பழைய மரணப் பதிவேடுகளை எல்லாம் ஏற்றச் சொன்னார்கள். சாவுக்கான காரணம் ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் உண்டு. பதினைந்து வருஷமாக அந்த எண்களைப் போட்டவன் நான்தான். கேஸ் ஷீட்டைப் புரட்டிப் பார்க்க எனக்குப் பொறுமை கிடையாது. முதல் வரியில் பூச்சிமருந்து என்றிருந்தால் 950, அதாவது தற்கொலை. வேலை முடிந்தது.

ஒரு மத்தியானம் நான் வாசிக்க, கம்ப்யூட்டர் வேலைக்குப் புதிதாக வந்த அசீனா டைப் அடித்துக்கொண்டிருந்தாள்.

"வெள்ளத்தாய், மகாராஜபுரம், வயசு முப்பத்தாறு. 950."

எண் திரையில் விழுந்தது. உடனே மறைந்தது.

மறுபடி அடித்தாள். மறைந்தது.

"கரண்டு கோளாறா இருக்கும்."

"மத்ததெல்லாம் நிக்குதே சார்." அவள் குரல் இறங்கியது. "மருந்து வாடை வருது, பாருங்க."

வந்தது. பருத்திக்காட்டில் மருந்தடிக்கும்போது தொண்டையைக் கமறவைக்கும் அதே வாடை.

வெள்ளத்தாயின் அக்கா முத்தாத்தாள் ஞாபகத்துக்கு வந்தாள். மூன்று வருஷமாக என் ஜன்னலில் வந்து கெஞ்சியவள். "எந்தங்கச்சி மருந்து குடிக்கல சாமி. குடிச்சவ மகள்னு பிள்ளையப் பொண்ணு கேட்டு ஒருத்தரும் வரல. ஒருக்கா எடுத்துப் பாருங்க."

எழுதினது எழுதினதுதான் என்று விரட்டினேன். பாவி நான்.

பழைய கேஸ் ஷீட் கட்டை அவிழ்த்தேன். இரண்டாம் பக்கத்தில் டாக்டர் எழுதியிருந்தார்: மருந்தடிக்கும் டேங்க் ஒழுகி உடம்பெல்லாம் நனைந்துவிட்டது. குடிக்கவில்லை.

"863 போடும்மா. தவறிப் பட்ட மருந்து."

அடித்தாள். எண் நின்றது.

"ஒம் மககிட்ட நானே திருத்தி எழுதிக் கொண்டுபோய்க் குடுக்கேன் தாயி," என்று வெறும் காற்றிடம் சொன்னேன்.

வாடை போகவில்லை. கூடியது.

"சார், 950 மொத்தம் எத்தன?"

"அறுபத்திரண்டு."

அதில் வேறு ஒன்றைக்கூட நான் பிரித்துப் பார்த்ததில்லை.

அசீனா சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அவள் பார்வை எனக்குப் பின்னால் இருந்தது. திரும்பினேன்.

ஆளில்லை.

ஜன்னலிலிருந்து வராந்தாக் கடைசிவரை ஈரக் காலடித் தடங்கள், ஜோடி ஜோடியாக, வரிசையில். எல்லாம் என்னைப் பார்த்து.

முதல் ஜோடி மட்டும் ஆஸ்பத்திரி வாசல் பக்கம் திரும்பியிருந்தது.

அதற்குப் பின்னால் நின்ற ஜோடி, நாங்கள் பார்க்கப் பார்க்க, ஒரு அடி முன்னால் வந்தது.